சின்னர் இத்தாலியரா, இல்லையா? தெற்கு டிரோல் பற்றி ஓர் இழை

டென்னிஸ்பித்தன்:
2025 விம்பிள்டன் முடிந்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. அங்கே ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இத்தாலியர் என்று யானிக் சின்னரைக் கொண்டாடினார்கள். பெயரைப் பார்த்தால் இத்தாலியப் பெயர் மாதிரியே இல்லை. தாய்மொழி ஜெர்மன். இவர் எவ்வளவு தூரம் இத்தாலியர் என்று அந்த நாட்டிலேயே அவ்வப்போது சர்ச்சை கிளம்புகிறது. 2023-ல் டேவிஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரிடம் போய் இப்படியா கேட்பார்கள்? சொந்த ஊர் ஏதோ தன்னாட்சி மாகாணத்தில் இருக்கிறதாம். இத்தாலிக்குள் ஜெர்மன் பேசும் மாகாணம் எப்படி வந்தது? விக்கிப்பீடியாவை அப்படியே ஒட்ட வேண்டாம், அதை நானே படித்துக்கொள்வேன். விவரம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

மலைநாடோடி:
நான் போல்ட்சானோவில் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் இடம். தெற்கு டிரோல் என்றாலும் போல்ட்சானோ மாகாணம் என்றாலும் ஒன்றுதான். இத்தாலியின் வடக்கு முனை, ஆல்ப்ஸின் தெற்குச் சரிவு. பரப்பு சுமார் 7,400 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். ஆட்சிமொழி என்று பார்த்தால் ஜெர்மன், இத்தாலியன், சில பள்ளத்தாக்குகளில் லடின் என்ற சிறு மலைமொழி. 2011 கணக்கெடுப்பில் ஜெர்மன் குழு 69.4 சதவீதம், இத்தாலியன் 26, லடின் 4.5. ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தது இரண்டு பெயர். போல்ட்சானோவே ஜெர்மன் பேசுபவர்களுக்கு போட்சென்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் அந்த ஊர் பிடிபடாது. உயரத்தைப் பார்க்க வேண்டும். போல்ட்சானோ நகரம் பள்ளத்தாக்கின் அடியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 260 மீட்டரில் இருக்கிறது. அங்கே நாலில் மூன்று பேர் இத்தாலியர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ரிட்டன் மலைக்கு ரோப்கார் போகிறது. ஏறி உட்கார்ந்தால் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆயிரம் மீட்டர் மேலே இறக்கிவிடும். கீழே காபிக் கடையில் இத்தாலியனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த உலகம் காணாமல் போய், மேலே எல்லாரும் ஜெர்மன், அதுவும் டிரோல் வட்டார வழக்கு. மாகாணத்தின் 116 நகராட்சிகளில் இத்தாலியர் பெரும்பான்மை ஐந்தே ஐந்தில்தான். அந்த ஐந்தும் அடிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கின் தரையில், போல்ட்சானோவும் அதற்குத் தெற்கேயும். எட்டில் லடின். மிச்சம் 103-லும் ஜெர்மன். உயரம் ஏற ஏற மொழி மாறும்.

டென்னிஸ்பித்தன்:
இது சுவாரசியம். ஆனால் ஏன்? மலை ஏறினால் மொழி மாற வேண்டும் என்று சட்டமா என்ன?

நிலவரை:
சட்டம் இல்லை, வரலாறு. புவியியல் வாத்தியார் என்பதால் ஒரு வரைபடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தோரே தொலொமேய் என்று ஓர் இத்தாலிய தேசியவாதி. அவருடைய வாதம் எளிமையானது: கடவுளே போட்டுக் கொடுத்த எல்லை ஆல்ப்ஸின் நீர்ப்பிரி முகடு, அதாவது தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகடு, அதற்குத் தெற்கே ஓடும் ஒவ்வொரு ஓடையும் இத்தாலிக்குச் சொந்தம். அந்த ஓடைக்கரையில் யார் எத்தனை நூறு வருஷமாக என்ன மொழி பேசுகிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. 1904-ல் வடகோடியில் ஒரு சிகரத்தில் ஏறி, ‘இத்தாலியின் உச்சி’ என்று பெயர் சூட்டி, தானே முதலில் ஏறியதாகவும் சொல்லிக்கொண்டார். அவருக்கு முன்பே 1895-ல் ஒருவர் ஏறி இறங்கிவிட்டார் என்பது வேறு கதை.

1915-ல் லண்டனில் நடந்த ரகசிய ஒப்பந்தத்தில், முதல் உலகப்போரில் தங்கள் பக்கம் வந்தால், அதுவரை ஆஸ்திரியாவின் கையில் இருந்த இந்தப் பகுதியை ஆல்ப்ஸ் முகட்டில் இருக்கும் பிரென்னர் கணவாய் வரை தருகிறோம் என்று நேச நாடுகள் இத்தாலிக்கு வாக்குக் கொடுத்தன. 1918-ல் அமெரிக்க அதிபர் வில்சன் தன் பதினான்கு அம்சங்களில், இத்தாலியின் எல்லை தேசிய இனங்களின் எல்லையை ஒட்டி இருக்க வேண்டும் என்று எழுதினார். அப்புறம் அவரே பிரென்னருக்குத் தலையாட்டினார். 1919 செப்டம்பரில் ஆஸ்திரியாவோடு சென் ஜெர்மேன் ஒப்பந்தம், 1920 அக்டோபரில் முறைப்படி இணைப்பு. அதற்குப் பத்து வருஷம் முன்னால் எடுத்த கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் இத்தாலியன் பேசியவர்கள் சுமார் 3 சதவீதம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த ‘இயற்கை எல்லை’யையே அவர்கள் முழுசாகப் பின்பற்றவில்லை. கிழக்கே டோப்ளாக் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சமவெளி மாதிரியான இடம்தான் நீர்ப்பிரி. அதற்கு மேற்கே ஓடும் தண்ணீர் அடிஜேயில் சேர்ந்து அட்ரியாட்டிக் கடலுக்குப் போகும். கிழக்கே ஓடுவது திராவா ஆறாகி, டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகும். தொலொமேயின் தர்க்கப்படி திராவா கரை இத்தாலிக்கு வரவே கூடாது. ஆனால் இன்னிக்கென், செக்ஸ்டன் என்ற இரண்டு ஊர்கள் திராவா பக்கம் இருந்தும் இத்தாலிக்குத்தான் போயின.

சின்னர் பிறந்தது இன்னிக்கெனில். வளர்ந்தது செக்ஸ்டனில்.

டென்னிஸ்பித்தன்:
அட! அப்படியானால் தண்ணீர் ஓடும் கணக்குப்படி சின்னர் டான்யூப்காரர்.

நிலவரை:
தண்ணீரை வைத்துக் குடியுரிமை தருவதாக இருந்தால் அப்படித்தான். இதே கோளாறு இன்னொரு இடத்திலும் உண்டு. 1991 செப்டம்பரில் பனிக்குள்ளிருந்து கிடைத்த 5,000 வருஷத்துக்கும் மேல் பழைய மனிதன் ஊட்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிடைத்த இடம் 3,210 மீட்டர் உயரம். முதலில் ஆஸ்திரியா என்று நினைத்து உடலை இன்ஸ்புரூக்குக்குக் கொண்டுபோனார்கள். அளந்து பார்த்தால் எல்லைக் கோட்டிலிருந்து 92.56 மீட்டர் இத்தாலிக்குள். ஆனால் அந்த இடத்துப் பனி உருகினால் தண்ணீர் ஆஸ்திரியப் பக்கம்தான் ஓடும். முதல் உலகப்போருக்குப் பிறகு எல்லை குறித்த காலத்தில் அங்கே பனி மூடிக் கிடந்தது, முகடு எது என்று சரியாகத் தெரியவில்லை. இப்போது ஊட்சி போல்ட்சானோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கிறார்.

உண்மையான மொழி எல்லை எங்கே என்று கேட்டால் தெற்கே போக வேண்டும். சலோர்னோ என்ற ஊரில் அடிஜே பள்ளத்தாக்கு இரண்டு பாறைச்சுவர்களுக்கு நடுவே குறுகிவிடும். அதற்கு வடக்கே ஜெர்மன், தெற்கே இத்தாலியன் என்று பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. மலை முகடுகள் மொழியைப் பிரிப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. பிரென்னர் 1,370 மீட்டர்தான், ரோமர் காலத்திலிருந்து ஆள் நடந்த பாதை. இரண்டு பக்கமும் ஒரே ஜனம். கணவாய் சேர்த்து வைக்கும், பள்ளத்தாக்கின் கழுத்துதான் பிரித்து வைக்கும்.

மலைநாடோடி:
உயரக் கேள்விக்கு மிச்சப் பதில் நான் சொல்கிறேன்.

1922-க்குப் பிறகு ஃபாசிஸ்டுகள் வந்தார்கள். 1923-லிருந்து பள்ளியில் ஜெர்மன் கிடையாது. டிரோல் என்ற பெயரையே உபயோகிக்கக் கூடாது. ஊர், ஆறு, மேய்ச்சல் நிலம் வரை ஆயிரக்கணக்கான இடங்களுக்குத் தொலொமேய் தயாரித்த இத்தாலியப் பெயர்ப் பட்டியல் அதிகாரபூர்வமாயிற்று. கொட்டகையிலும் பண்ணை வீட்டு அறைகளிலும் ரகசியமாக ஜெர்மன் சொல்லிக் கொடுத்தார்கள். ‘சுரங்கப் பள்ளிகள்’ என்று இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பிடிபட்ட ஆசிரியைகள் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள்.

மொழியைத் தடுத்தும் பருப்பு வேகவில்லை என்றதும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1930-களின் நடுவில் போல்ட்சானோவில் பெரிய தொழிற்பேட்டை. தெற்கிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வீடு கட்டியது எங்கே? நகரத்தின் தட்டைத் தரையில். மலைப் பண்ணைகள் ஜெர்மன்காரர்கள் கையிலேயே இருந்தன. அங்கே ‘மூடிய பண்ணை’ என்று ஒரு வழக்கம் உண்டு. நிலத்தைப் பங்கு போட முடியாது, ஒரே வாரிசுக்கு முழுசாகப் போகும், மற்றவர்களுக்கு ஈட்டுத்தொகை. ஃபாசிஸ்ட் ஆட்சி 1929-ல் அந்தச் சட்டத்தை நீக்கியது, 1954-ல் மாகாணம் திரும்பக் கொண்டுவந்தது. அதனால்தான் மேட்டில் ஜெர்மன், பள்ளத்தில் இத்தாலியன்.

அப்புறம் 1939. எனக்குத் தெரிந்து ஐரோப்பாவின் கேவலமான பேரங்களில் ஒன்று. ஹிட்லருக்கு முசோலினியின் நட்பு வேண்டும், முசோலினிக்கு நிலம் வேண்டும். ஜனங்களிடம் சொல்லிவிட்டார்கள்: ஜெர்மன் ஆக இருக்க ஆசையா, ஜெர்மனிக்குப் போ. இங்கே இருக்க ஆசையா, இத்தாலியனாக மாறு. டிசம்பர் 31-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் போகிறோம் என்றார்கள். போர் வந்துவிட்டதால் உண்மையில் கிளம்பியது சுமார் 75,000 பேர். அதில் ஒரு பகுதி போருக்குப் பிறகு திரும்பி வந்தது. போகிறேன் என்றவனும் இருக்கிறேன் என்றவனும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாக இருந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பகை இரண்டு தலைமுறைக்குப் பேசப்படாமல் கிடந்தது.

கொள்ளிடம்:
இதெல்லாம் பழைய கதை. இன்றைக்கு அது இத்தாலியின் பணக்கார மாகாணங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆப்பிளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அங்கே விளைகிறதாம். கஷ்டப்பட்ட ஜனம் என்ற கதையை எவ்வளவு காலம் ஓட்டுவார்கள்? வசூலாகும் வரியில் பத்தில் ஒன்பது பங்கை அந்த மாகாணமே வைத்துக்கொள்கிறது. சிசிலியில் இருப்பவன் வயிறெரிய மாட்டானா?

மலைநாடோடி:
எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது சும்மா வந்ததில்லை.

1946 செப்டம்பர் 5, பாரிஸ். ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், ஜெர்மன் பேசுபவர்களுக்குத் தன்னாட்சி என்று. 1948-ல் இத்தாலி அதை நிறைவேற்றிய விதம் இருக்கிறதே! போல்ட்சானோவைத் தெற்கே இருக்கும் திரெந்தோவோடு சேர்த்து ஒரே மண்டலமாக்கி, அதிகாரத்தை மண்டலத்துக்குக் கொடுத்தார்கள். திரெந்தோ முழுக்க இத்தாலியன். கூட்டிப் பார்த்தால் ஜெர்மன்காரர்கள் மறுபடி சிறுபான்மை. காகிதத்தில் தன்னாட்சி, கையில் ஒன்றும் இல்லை.

1957-ல் சிக்முண்ட்ஸ்க்ரோன் கோட்டையில் சுமார் 35,000 பேர் கூடினார்கள். சில்வியஸ் மக்னாகோ என்ற ஒல்லியான, போரில் ஒரு காலை இழந்த தலைவர், ‘திரெந்தோவை விட்டு விலகு’ என்ற கோஷத்தை அங்கேதான் வைத்தார். கூட்டத்தில் பலர் அதைவிடத் தீவிரமான ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்கள். 1960-ல் ஆஸ்திரியா விஷயத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 1961 ஜூனில் ஒரே ராத்திரியில் 37 மின்கோபுரங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. போல்ட்சானோ தொழிற்பேட்டைக்கு மின்சாரம் போகக் கூடாது என்பது திட்டம். அதற்குப் பிறகு கைதுகள், காவலில் சித்திரவதைப் புகார்கள், இரண்டு பக்கமும் உயிர்ச்சேதம்.

1969-ல் 137 அம்சங்கள் கொண்ட ஒரு தன்னாட்சித் தொகுப்பு. மக்னாகோவின் கட்சி மாநாட்டில் அது நூலிழையில்தான் நிறைவேறியது. 1972-ல் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம், இந்தத் தடவை அதிகாரம் மாகாணத்துக்கு. எல்லாம் நிறைவேறிவிட்டது, சச்சரவு முடிந்தது என்று ஆஸ்திரியா ஐ.நா.வுக்குத் தெரிவித்தது 1992-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், கையெழுத்திலிருந்து முடிவு வரை நாற்பத்தாறு வருஷம்.

சூரிச்காரன்:
நான் சுவிஸில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஆள். இதை வாசிக்க எங்கட கதை ஞாபகம் வராமல் இருக்குமா? இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் 1987-இல் வந்தது. காணி, பொலிஸ் அதிகாரம் எல்லாம் எழுத்தில் இருக்கு, இன்றுவரைக்கும் மாகாண சபைகளுக்குக் கிடைக்கவில்லை. வடக்கையும் கிழக்கையும் சேர்க்கிறதா பிரிக்கிறதா என்ற சண்டை வேறு. அங்கே அவர்களுக்கு மட்டும் எப்படிச் சரிவந்தது?

மலைநாடோடி:
அண்ணா, என் கணிப்பு இது. ஒன்று, பக்கத்து நாடு ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. அதனால் ரோம் நினைத்த மாதிரி பின்வாங்க முடியவில்லை. இரண்டு, அந்த 137 அம்சமும் ஒவ்வொன்றாக டிக் போடக்கூடிய மாதிரி எழுதப்பட்டிருந்தது. ‘அதிகாரம் பகிரப்படும்’ என்கிற பொத்தாம்பொதுவான வாக்கியத்தை வைத்து யாரும் யாரையும் கேட்க முடியாது. ‘இந்தச் சட்டம் எங்கே’ என்றால் கேட்கலாம். மூன்று, பணம். அதிகாரத்தோடு வரியும் வந்தது. சொந்த வருமானம் இல்லாத தன்னாட்சி ஒரு பெயர்ப்பலகை.

இன்னொன்று, 1995-ல் ஆஸ்திரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 1998-லிருந்து பிரென்னரில் பாஸ்போர்ட் கேட்பதில்லை. எல்லையை நகர்த்து என்ற கோரிக்கை அதோடு பாதி சூடு இறங்கிவிட்டது.

நெறியாளர்:
இலங்கை பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. ஒப்பீட்டை அங்கே தொடருங்கள். இங்கே ஆல்ப்ஸ் மட்டும்.

சூரிச்காரன்:
சரி, ஆல்ப்ஸ். பக்கத்திலேயே இருக்கிற எங்கட கிரவுபுண்டன் மாநிலத்தைச் சொல்கிறேன். அங்கேயும் மூன்று மொழி: ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியன். லடினும் ரோமான்ஷும் உறவுமுறை மொழிகள். ரோமான்ஷுக்குப் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக ஐந்து எழுத்து வழக்கு. 1982-இல் சூரிச் பேராசிரியர் ஹைன்ரிக் ஷ்மிட் என்பவர் எல்லாவற்றையும் கலந்து பொதுவான எழுத்து மொழி ஒன்றை ஆக்கிக் கொடுத்தார். அரசாங்கக் கடதாசிக்கு உதவிச்சுது. பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்தபோது தாய்தகப்பன்மார் கொதித்துப் போனார்கள், பிள்ளைக்கு எங்கட ஊர் வழக்கு வேண்டும் என்று. பல ஊர்கள் திரும்பப் பழைய வழக்குக்கே போயிட்டுது.

நிலவரை:
அதே ஷ்மிட்தான் லடினுக்கும் பொது எழுத்து மொழி வகுத்தார், 1998-ல் வெளிவந்தது. முடிவும் அதே. போல்ட்சானோ மாகாணம் கார்டேனா வழக்கையும் பாடியா வழக்கையும் தனித்தனியாகவே ஆவணங்களில் உபயோகிக்கிறது.

லடின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ரொம்பக் கோபமும் வரும். டோலமைட் மலைகளின் நடுவில் செல்லா என்று ஒரு மலைத்தொகுதி. அதைச் சுற்றி விரல்கள் மாதிரி ஓடும் பள்ளத்தாக்குகளில் லடின் பேசுகிறார்கள். மலை ஒன்று, ஜனம் ஒன்று, எண்ணிக்கை மொத்தமே முப்பதாயிரத்தைச் சுற்றி. ஃபாசிஸ்ட் ஆட்சி 1920-களில் அவர்களை மூன்று மாகாணங்களுக்குப் பிய்த்துக் கொடுத்தது. கார்டேனாவும் பாடியாவும் போல்ட்சானோவுக்கு, ஃபாஸ்ஸா திரெந்தோவுக்கு, லிவினல்லோங்கோவும் கொர்த்தினாவும் பெல்லூனோவுக்கு. போர் முடிந்து எண்பது வருஷம் ஆகியும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது.

2007-ல் கொர்த்தினாவும் அதன் இரண்டு பக்கத்து ஊர்களும் வாக்கெடுப்பு நடத்தி, போல்ட்சானோ மாகாணத்தோடு சேர்கிறோம் என்று பெரும்பான்மையாகச் சொன்னார்கள். பண ஆசை என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. பணமும் ஒரு காரணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரே மொழி பேசும் இரண்டு ஊரில் ஒன்றில் பள்ளிக்கூடம், வானொலி, அதிகாரபூர்வ இடம், இன்னொன்றில் பெயருக்குக் கொஞ்சம் என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? இன்றுவரை எதுவும் நடக்கவில்லை.

தேன்மொழி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. ஒருவர் ஜெர்மன் குழுவா இத்தாலியக் குழுவா என்று யார் முடிவு செய்வது? அப்பா ஜெர்மன், அம்மா இத்தாலியன் என்றால்?

மலைநாடோடி:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

நீங்களேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். மொழிக்குழு அறிவிப்பு என்று ஒரு படிவம். மூடிய உறையில் போல்ட்சானோ நீதிமன்றத்தில் இருக்கும். அரசு வேலைக்கோ மானிய வீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது தேவைப்படும். ஏனென்றால் அரசு வேலைகள் குழுக்களின் எண்ணிக்கை விகிதப்படி பிரிக்கப்படுகின்றன. 1976-ல் வந்த ஆணை அது. அதற்கு முன்னால் ரயில்வே, தபால் என்று மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் இத்தாலியர் கையில் இருந்தன, அதைச் சரிசெய்ய வந்த ஏற்பாடு. கூடவே இருமொழித் தேர்வு. தோட்டக்காரர் வேலைக்கு ஒரு நிலை, மருத்துவருக்கு ஒரு நிலை. பாஸ் பண்ணாமல் உள்ளே போக முடியாது. நம் ஊர்ப் பசங்க வேலைத்தேர்வுக்குப் படிக்கிற மாதிரியே அங்கேயும் அதற்குப் புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றில் எதுவும் நான் இல்லை என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, இருந்தாலும் இந்தக் குழுவோடு என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒன்றைக் குறிக்க வேண்டும். ரெண்டும் நான் என்பதற்குக் கட்டமே கிடையாது.

அலெக்சாண்டர் லாங்கர் என்ற பசுமை அரசியல்வாதி இதை எதிர்த்தே வாழ்ந்தார். 1981-ல் இந்தக் கணக்கெடுப்பு முறை வந்தபோதே அறிவிப்புக் கொடுக்க மறுத்தார், ஜனங்களை இப்படிக் கூண்டு கூண்டாக அடைக்காதீர்கள் என்றார். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1995-ல் போல்ட்சானோ மேயர் தேர்தலில் நிற்க வந்தபோது, அறிவிப்பு இல்லை என்று வேட்புமனுவையே ஏற்கவில்லை.

கொள்ளிடம்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல வருகிறேன். ஃபாசிஸ்டுகள் ஜெர்மன்காரனை அழிக்கப் பார்த்தார்கள், தன்னாட்சி வந்து எல்லோரையும் பெட்டிக்குள் போட்டது. தனிப் பள்ளி, தனி நூலகம், தனிக் கால்பந்துக் குழு, தனிப் பத்திரிகை. இதற்குப் பெயர் ஒற்றுமையா?

மலைநாடோடி:
ஒற்றுமை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சண்டை இல்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு.

என் வாதம் இவ்வளவுதான்: பயந்து போன ஒரு ஜனத்துக்கு முதலில் ஒரு கதவு வேண்டும், உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. ‘எங்கள் பள்ளி எங்கள் கையில், எங்கள் வேலை எங்கள் கணக்கில்’ என்ற நிச்சயம் வந்த பிறகுதான் மக்னாகோவால் குண்டு வைத்தவர்களை ஓரங்கட்ட முடிந்தது. லாங்கர் பின்னாளில் கேட்டபடி 1972-லேயே எல்லாவற்றையும் கலந்திருந்தால், கலவை என்பது இத்தாலியனில் கரைவது என்றுதான் மலைப் பண்ணைக்காரர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பார்த்த ஐம்பது வருஷம் அப்படி.

ஆனால் அந்தத் தாழ்ப்பாளை இன்னும் எத்தனை காலம் போட்டு வைப்பது என்ற கேள்வியில் நான் லாங்கர் பக்கம். 1961-ல் மூன்றில் ஒரு பங்காக இருந்த இத்தாலியக் குழு இப்போது கால் பங்குதான். பயம் இப்போது அந்தப் பக்கம் போயிருக்கிறது. என்னோடு வேலை பார்த்த இத்தாலியர் ஒருவர் போல்ட்சானோவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஜெர்மனில் தேர்வு எழுதுவார், ஆனால் மேலே ரிட்டனில் போய்ப் பேச மாட்டார். அவர்கள் வழக்கு எனக்குப் புரியாது, சிரிப்பார்கள் என்பார். பள்ளியில் சொல்லிக் கொடுப்பது எழுத்து ஜெர்மன், மலையில் பேசுவது வேறு. இரண்டாம் மொழியை முதல் வகுப்பிலிருந்து படித்துமே இந்த நிலை.

நிலவரை:
பெயர்ப் பலகைச் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலொமேய் பட்டியலில் இருந்த இத்தாலியப் பெயர்கள் இன்றும் சட்டப்படி செல்லும். ஜெர்மன் பெயர்களை எல்லோரும் உபயோகித்தாலும் அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் ஒரு குழப்பம். மாகாணம் 2012-ல் ஒரு சட்டம் போட்டது, ரோம் வழக்குப் போட்டது, கடைசியில் 2019-ல் மாகாணமே அதைத் திரும்பப் பெற்றது. நடைபாதைப் பலகைகளில் மலையேற்றச் சங்கம் ஜெர்மன் பெயரை மட்டும் எழுதியது என்று ஒரு காலத்தில் பெரிய ரகளை.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகச் செய்தார்கள் என்பேன். போல்ட்சானோவில் 1928-ல் கட்டிய ஃபாசிஸ்ட் வெற்றி வளைவு நிற்கிறது. இடிக்கச் சொன்னது ஒரு பக்கம், தொட்டால் தெரியும் என்றது இன்னொரு பக்கம். 2002-ல் அந்தச் சதுக்கத்துக்கு ‘அமைதி’ என்று வைத்த பெயரை நகரவாசிகள் வாக்களித்து மறுபடி ‘வெற்றி’ ஆக்கினார்கள். 2014-ல் வளைவை இடிக்காமலே அதன் அடியில் ஒரு கண்காட்சி திறந்தார்கள், இதை யார் ஏன் கட்டினார்கள், இந்த நகரத்துக்கு என்ன நடந்தது என்று. இரண்டு பக்கத்துக் குற்றமும் அதில் இருக்கிறது, நாஜிகளோடு போனவர்கள் உட்பட.

டென்னிஸ்பித்தன்:
சின்னரை விட்டு எங்கேயோ வந்துவிட்டோம், இருந்தாலும் நல்லதுதான். அவர் தரப்பு என்ன என்று யாராவது சொல்லுங்களேன்.

மலைநாடோடி:
அவர் இத்தாலிக்கு ஆடுகிறார், இத்தாலியனில் பேட்டி தருகிறார், ஜெர்மன் நிருபர் கேட்டால் ஜெர்மனில் பதில். பதிமூன்று வயதிலேயே இத்தாலியின் கடற்கரைப் பக்கம் பயிற்சிக்குப் போனவர். இதில் சங்கடம் அவருக்கு இல்லை, பார்க்கிறவர்களுக்கு. பொதுவாக அங்கே ஜெர்மன் பேசுபவர்களிடம் ‘நீங்கள் யார்’ என்று கேட்டால், இத்தாலியர் என்றும் வராது, ஆஸ்திரியர் என்றும் வராது. ‘தெற்கு டிரோல்காரன்’ என்று வரும். மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னரும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், பக்கத்துத் தெருவில் தாத்தா காலத்திலிருந்து வாழும் இத்தாலியர் அதே பதிலைச் சொன்னால் பலர் அதை ஏற்க மாட்டார்கள்.

தேன்மொழி:
பள்ளி விஷயத்துக்குத் திரும்பலாமா? லடின் பள்ளத்தாக்குகளில் எப்படி?

மலைநாடோடி:
அங்கே வேறு ஏற்பாடு. பாதிப் பாடம் ஜெர்மனில், பாதி இத்தாலியனில், வாரத்தில் சில மணி நேரம் லடின். மூன்றிலும் புழங்கும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். மாகாணத்தில் வேலைக்கு மொழி தெரிந்த ஆள் என்றால் லடின்காரரைத் தேடுவார்கள். மற்ற இரண்டு குழுக்களுக்கும் இதே முறையை வைக்கலாமே என்று இத்தாலியப் பெற்றோர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். ஜெர்மன் கட்சிகள் இடம் தருவதில்லை. தாய்மொழியில் பள்ளி என்று தன்னாட்சிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. அதைத் தொட்டால் மொத்தக் கட்டடமும் ஆடும் என்பது அவர்கள் பயம்.

தேன்மொழி:
அப்படியென்றால் இத்தாலியப் பெற்றோர் பிள்ளையை நேராக ஜெர்மன் பள்ளியில் சேர்த்துவிடலாமே?

மலைநாடோடி:
சேர்க்கிறார்களே, அதுதான் இப்போதைய தலைவலி. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு. இத்தாலியரும், வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் போல்ட்சானோவின் ஜெர்மன் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். 2024-ல் அங்கே ஒரு ஜெர்மன் தொடக்கப் பள்ளி, ஜெர்மன் தெரியாத பிள்ளைகளை மட்டும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க முடிவு செய்தது. பெரிய சர்ச்சையாகி அந்த வகுப்பைக் கலைத்தார்கள். ஆசிரியர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு மொழி புரியாவிட்டால் எதை வைத்து நடத்துவது? சேர்க்கும் முன்பே மொழிச் சோதனை வைக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சோதனை!

கொள்ளிடம்:
சோதனை வைப்பதில் என்ன தப்பு? மொழி தெரியாத பிள்ளையை அங்கே தள்ளிவிட்டு, அந்தப் பள்ளி எதற்காக உருவானதோ அதையே கெடுப்பதா? அந்தச் சுரங்கப் பள்ளிகளை நடத்தினவர்கள் பேரப்பிள்ளைகள் கேட்க மாட்டார்களா?

தேன்மொழி:
அந்தப் பேரப்பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும், ஒரு மொழியைப் படிக்க வரும் குழந்தையை வாசலில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று.

சூரிச்காரன்:
இங்கே சூரிச்சில் என்ர மகளின்ர வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் வேறு மொழி. பள்ளிக்கூடம் மேலதிகமாக ஓர் ஆசிரியையைப் போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். அங்கே பத்தில் ஒன்பது வரிக்காசு கையில் இருக்கு என்றீர்கள். ஆசிரியருக்குச் செலவழிக்க ஏலாதோ?

மலைநாடோடி:
காசு இருக்கிறது அண்ணா. ஆள்தான் கிடைக்கவில்லை, ஜெர்மன் வகுப்பு எடுக்கக்கூடியவர்களில் பலர் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் போய் வேலை பார்க்கிறார்கள். சரி கொள்ளிடம், உங்கள் கேள்விக்கு நாளைக்கு வருகிறேன், 19-ஆவது பிரிவை வரிவரியாகப் பார்த்துத்தான் பேச வேண்டும். அதில் பெற்றோர் உரிமை எங்கே நிற்கிறது, பள்ளியின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.